மேசையிலிருந்து இறங்கிப் போனவள்

லபோர்தனே வீதி, புதுச்சேரி
6-6-1978

சொர்ணத்துக்கு,

நேற்றுக் காலை செலின் மதாமின் பிரசவ விடுதியில் பரிசோதனை மேசையிலிருந்து இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்த என்னை ஏறிட்டும் பாராமல் நீ வெளியே நடந்தாய். வாசலில் நின்ற ராஜாங்கத்தின் ரிக்‌ஷாவில் ஏறி உன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாய். கதிர்காமத்தில் உன்னைப் பத்திரமாக இறக்கிவிட்டதாக ராஜாங்கம் மாலையில் வந்து சொன்னான். அதுவரை நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

செலின் கையுறையோடு வெளியே வந்தாள். கான்வென்ட்டில் எனக்குக் கீழ் வகுப்பில் படித்தவள். பிரான்சில் மோன்பெலியே வரை போய் வைத்தியம் படித்துவிட்டு வந்து, இந்த ஊர்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தே தலை நரைத்தவள். கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்க, "செல்வா, உன் மருமகள் என் கையைத் தட்டிவிட்டுப் போகிறாள். நான் என்ன செய்தேன்?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை உன்னை அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். நாலு பேர் முன்னால் சமாதானம் சொல்லி நிற்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

அக்கம்பக்கத்தில், முறைப்படி உன்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். வளைகாப்பு முடிந்ததும் போயிருக்க வேண்டியவளை, விடுதி பக்கத்திலேயே இருக்கிறதே என்று நான்தான் நிறுத்தி வைத்தேன். ஆகையால் யாரும் துருவவில்லை. பால்காரி மட்டும், "மாத்துத் துணிகூட எடுத்துக்காமலா போச்சு பொண்ணு?" என்றாள். அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கர்ப்பப்பையின் வாய் திறந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பது அந்த விடுதியில் வழக்கம். மாதா மாதம் பார்ப்பார்கள், கடைசியில் வாரா வாரம். பிரெஞ்சுக்காரர்கள் நாளிலிருந்து நடப்பது. 'துஷே' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. உனக்கென்று புதிதாகச் செய்ததல்ல. வெள்ளிக்கிழமை ராஜாங்கத்தை அனுப்புகிறேன். வந்து செலினிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு மேசையில் படு.

தேவதாசுக்கு நான் எதுவும் எழுதவில்லை. பிரான்சில் பட்டாளத்தில் இருக்கும் உன் புருஷனுக்கு இங்கிருந்து இதையெல்லாம் அனுப்ப வேண்டாம்.

செல்வாம்பாள்

*

கதிர்காமம்
8-6-78

அத்தை அவர்களுக்கு சொர்ணம் வணக்கத்துடன் எழுதுறேன்.

வெள்ளிக்கிழமை ரிக்‌ஷா அனுப்ப வேணாம். நான் வரல.

உங்களை அவமானப்படுத்தணும்னு செய்யல. உங்க முகத்தைப் பாத்தா அழுதுடுவேன்னுதான் பாக்காம வந்துட்டேன். அன்னிக்கு என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது, அதனால எழுதுறேன். வாயால சொல்ல எனக்கு வராது.

மேசையில படுன்னு நர்ஸ் சொன்னாங்க. படுத்தேன். மதாம் வந்தாங்க, பேர்கூட சொல்லிக் கூப்பிடல. முழங்காலைப் பிரிச்சு வச்சு கையை விட்டாங்க. போன வாரமும் அப்படித்தான், அதுக்கு முன்ன வாரமும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்தா துணியில ரத்தம் படும். அடிவயிறு இழுத்துக்கிட்டே கிடக்கும். பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நான் தூங்கறதே இல்ல. உங்ககிட்ட அதை எப்படிச் சொல்றது. இந்தத் தடவை பக்கத்துல ரெண்டு பொண்ணுங்க நின்னாங்க, நர்ஸ் வேலை கத்துக்க வந்தவங்க. மதாம் பாத்து முடிச்சதும் அதுல ஒருத்தி கையுறை மாட்டிக்கிட்டு வந்தா. அவளும் பாக்கணுமாம். எதுக்குன்னு கேட்டேன். மதாம் நர்ஸ்கிட்ட பிரெஞ்சுல என்னமோ சொன்னாங்க, நர்ஸ் சிரிச்சாங்க. அப்பத்தான் அவ கையையும் மதாம் கையையும் சேத்துத் தட்டிட்டு இறங்கினேன்.

நீங்க கூடத்துல உக்காந்து பத்திரிகை படிச்சுக்கிட்டு இருந்தீங்க.

வலியைச் சொல்லல அத்தை. வலி பெருசு இல்ல. கடைத்தெருவுல கூடையில கிடக்கிற காயைக்கூட கடைக்காரனைக் கேட்டுத்தானே தொடுறோம்.

இனிமே நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போறதா இல்ல. எங்க தெருவுல பிரசவம் பாக்குற கொளஞ்சி அம்மா இருக்காங்க. இங்க வீட்டுலேயே பெத்துக்கிறேன். அம்மாவும் சரின்னு சொல்லிட்டாங்க.

சொர்ணம்

*

லபோர்தனே வீதி
10-6-1978

சொர்ணத்துக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பாதி விளங்கவில்லை.

கூடத்தில் பத்திரிகை படித்தேன் என்கிறாய். கதவு மூடியிருந்தது. மூடிய கதவுக்கு வெளியே உட்காருகிறவள் வேறென்ன செய்வாள்? ரத்தம் பட்டதை நீ என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, இதைக் கடிதத்தில்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வீட்டில் பிரசவம் என்ற பேச்சை இன்றோடு விடு. உன் அம்மா குஞ்சம்மாள் உன்னை அப்படிப் பெற்றிருக்கலாம், அது உன் அதிர்ஷ்டம். தலைப்பிரசவத்தில் நடுவே ஏதாவது ஆனால் கதிர்காமத்திலிருந்து வண்டி பிடித்து வருவதற்குள் என்ன ஆகும் என்று யோசித்தாயா? கூச்சத்துக்காக உயிரை வைத்து விளையாடாதே. செலின் உனக்குத் தாய் வயதுக்கும் மேற்பட்டவள்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. எதற்கு என்று கேட்டிருக்கிறாய். அதற்கு அவர்கள் பதில் சொல்லவில்லை, சிரித்திருக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு பெண் எதற்கு என்று கேட்டால், பாடம் நடத்திய கன்னியாஸ்திரி மசேர் எவ்வளவு கடுமையான ஆளானாலும் காரணம் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். செலினும் அதே வகுப்பறையில் உட்கார்ந்தவள்தான்.

நான் போய்க் கேட்கிறேன். காரணம் நிச்சயம் இருக்கும். அதை எழுதி அனுப்புகிறேன். காரணம் தெரிந்த பிறகும் வரமாட்டேன் என்று நீ சொல்ல முடியாது. அதுவரை கனமான எதையும் தூக்காதே.

செல்வாம்பாள்

*

கதிர்காமம்
12-6-78

அத்தை அவர்களுக்கு,

கேளுங்க. கேட்டு எழுதுங்க. காரணம் இருந்தா நான் படிக்கிறேன். வர்றேன்னு இப்பவே சொல்ல மாட்டேன்.

இங்க வெயில் தாங்கல. எங்க அப்பா மில்லு ஷிப்ட் முடிஞ்சு வந்து ஒரே அறையில தூங்குறாரு, அதனால பகல்ல நான் வேப்பமரத்தடியில கட்டில் போட்டுப் படுத்திருக்கேன். புரண்டு படுக்கக்கூட முடியல. பிள்ளை பெறுறதுக்கு முன்னாடியே எல்லாம் அலுத்துப்போச்சு.

உங்க கடிதத்தை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அந்த துரைசானி அம்மா நமக்காகப் போய் டாக்டரைக் கேட்குமா? ரெண்டு பேருமா சேந்து காப்பி குடிச்சிட்டு வருவாங்க"ன்னு சொன்னாங்க. தப்பா நினைக்காதீங்க. அவங்க பேச்சு அப்படி.

சொர்ணம்

*

லபோர்தனே வீதி
15-6-1978

சொர்ணத்துக்கு,

உன் அம்மாவிடம் சொல், காப்பி கொடுக்கவில்லை.

நேற்று மத்தியானம் போனேன். நோயாளிகள் எல்லோரும் போன பிறகு செலின் நாற்காலியில் சாய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் காலை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலும் என் கால் மாதிரியே வீங்கித்தான் இருந்தது. உனக்காகச் சிபாரிசு பேச வந்திருப்பதாக நினைத்து, "கோபமெல்லாம் இல்லை, அனுப்பி வை" என்றாள். சிபாரிசுக்கு வரவில்லை, கேள்வி கேட்க வந்தேன் என்றேன்.

உள்ளே பார்த்து வாய் கொஞ்சம் திறந்திருந்தால் வலி எப்போது வரும் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். திறந்திருப்பவள் வாரக்கணக்கில் நடமாடுவாளாம். இறுக மூடியிருப்பவள் மறுநாளே பெற்றுவிடுவதும் உண்டாம். அப்படியானால் பார்த்ததனால் நீ செய்வதில் ஏதாவது மாறுமா என்றேன். "எல்லாம் சரியாக இருக்கிற பெண்ணுக்கா? ஒன்றும் மாறாது" என்றாள். பார்க்காமல் விட்டால் கெடுதல் உண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இல்லை என்றாள். ரத்தம் படுகிறதாமே என்றேன். அந்த நேரத்தில் அந்த இடம் மென்மையாக இருக்கும், தொட்டால் கொஞ்சம் படும், குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்றாள். நீ அதை நினைத்துத் தூங்காமல் கிடந்தாய். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் தூங்கியிருப்பாய்.

பின்னே எதற்குப் பார்க்கிறாய் என்று கேட்டேன். செலின் காலைத் துடைத்துக்கொண்டாள். நிறைய நேரம் துடைத்தாள்.

"எங்கள் பேராசிரியர் பார்த்தார். நாங்கள் பார்த்தோம். இவ்வளவு தூரம் வருகிற பெண்ணை ஒன்றும் செய்யாமல் எப்படி அனுப்புவது, செல்வா?"

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடம். காரணத்தை வாங்கிக்கொண்டு வந்து உன் வாயை அடைக்கலாம் என்று போனவள், வெறுங்கையோடு திரும்பினேன்.

ஆனால் முழுவதையும் படி. அந்தச் சோதனை வேண்டிய நேரங்களும் இருக்கின்றன. வலி தொடங்கிவிட்டால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாள் கடந்துபோய், மருந்து கொடுத்து வலியை வரவழைக்க வேண்டியிருந்தாலும் பார்க்க வேண்டும். வயிற்றைத் தடவி எது தலை என்று புரியாவிட்டாலும் பார்க்க வேண்டியிருக்கலாம். தானாகவே நிறைய ரத்தம் போனால் மட்டும், காரணம் தெரியாமல் கையே வைக்கக் கூடாதாம். ஆக, அந்தக் கை எப்போதும் தேவையுமில்லை, எப்போதும் தேவையில்லாததுமில்லை.

வாரா வாரம் கட்டாயம் பார்க்க வேண்டியவை வேறு. ரத்த அழுத்தம், செலின் இன்னும் தான்சியோன் என்றுதான் சொல்கிறாள், அது. சிறுநீர். வயிற்றின் வளர்ச்சி. குழந்தையின் இதயத் துடிப்பு. இவற்றுக்கு யாரும் உன்னை எதுவும் செய்யப் போவதில்லை, புடவை கலையாது. மேசையிலிருந்து இறங்கியபோது இவற்றையும் சேர்த்து விட்டுவிட்டுப் போய்விட்டாய். அதற்காகவாவது வா.

நான் மன்னிப்பு எதுவும் எழுதவில்லை. வரிகளுக்கு நடுவில் தேட வேண்டாம்.

செல்வாம்பாள்

*

கதிர்காமம்
19-6-78

அத்தை அவர்களுக்கு,

உங்க கடிதம் வந்து ரெண்டு நாளாச்சு. உடனே எழுத முடியல. அம்மாவுக்குப் படிச்சேன். நம்பல. திரும்பப் படின்னாங்க. படிச்சு முடிச்சதும், "அந்த அம்மா நல்லாத்தான் கேட்டிருக்கு, போலீஸ்காரன் கெட்டான்"ன்னு சொன்னாங்க. அது அவங்க வாயில பெரிய பாராட்டு.

நீங்க கேட்டதுக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ஆனா நான் எப்படி வர்றது. காரணம் இல்லன்னு உங்ககிட்ட ஒத்துக்கிட்டாங்க. நான் மேசையில படுத்தா கை சும்மா இருக்குமா? எத்தனை வருஷத்துப் பழக்கம். கதவை மூடிட்டா நீங்களும் வெளியதான்.

இங்க நடந்ததையும் மறைக்காம எழுதிடறேன். முந்தாநாள் கொளஞ்சி அம்மா வந்தாங்க. விளக்கெண்ணெய் தடவி வயித்தைப் பாத்தாங்க, தலை கீழதான் இருக்குன்னாங்க. நல்லா இருந்துச்சு. அப்புறம் அதே எண்ணெய்க் கையோட, "காலை அகட்டும்மா, கதவு திறந்திருக்கான்னு பாத்துடுவோம்"ன்னாங்க. வேணாம்னேன். "கட்டிக்கிட்டவனுக்குக் காட்டுவ, எனக்குக் காட்டமாட்டியா?"ன்னு கேலி பண்ணாங்க. எங்கம்மாவே என் தோளை அமுக்கிப் பிடிச்சாங்க, ஒரு நிமிஷந்தாண்டின்னு. நான் கத்தினதுல அப்பா முழிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டாரு. கொளஞ்சி அம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அங்க கையுறை போட்டிருந்தாங்க, இங்க அதுவும் இல்ல, அவ்வளவுதான். எங்க போறதுன்னு எனக்குத் தெரியல அத்தை. போறதுக்கு இடமே இல்லாத மாதிரி இருக்கு.

அம்மாகிட்ட நான் பேசறதில்ல. அவங்க பாவம், ராகி கூழ் கரைச்சு வச்சிட்டுத் தூரமா நின்னு பாக்குறாங்க.

எழுத்து கோணலா இருந்தா மன்னிக்கணும். விரல் வீங்கிப்போச்சு, மோதிரம் சோப்பு போட்டும் கழலல. முகமும் உப்பிட்டதா அப்பா சொல்றாரு. நேத்துலேர்ந்து தலை பாரமா வலிக்குது, கண்ணு முன்னாடி பூச்சி பறக்கிற மாதிரி மினுக்கு மினுக்குன்னு தெரியுது. வெயிலுன்னு அம்மா மோர் குடுக்குறாங்க.

சொர்ணம்

*

லபோர்தனே வீதி
20-6-1978

சொர்ணம்,

இந்தக் கடிதத்தை ராஜாங்கம் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் வண்டியோடு வாசலில் நிற்பான். படித்துவிட்டு ஏறு. உன் அம்மாவையும் ஏற்றிக்கொள். இப்போது கோபத்துக்கு நேரமில்லை.

உன் கடிதத்தின் கடைசி நாலு வரியைக் கொண்டுபோய்ச் செலினிடம் படித்தேன். பாதியிலேயே எழுந்து நின்றுவிட்டாள். வீக்கம், தலைவலி, கண்ணில் மினுக்கம், மூன்றும் சேர்ந்து வந்தால் அது வெயில் இல்லை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. சொல்லாமல் செய்கிறார்கள் என்றாய், அதனால் எல்லாவற்றையும் சொல்லி எழுதுகிறேன்.

இப்போது நீ பயப்படுகிற விஷயம். செலினிடம் நான் வார்த்தை வாங்கியிருக்கிறேன். முதலில் அழுத்தம் பார்ப்பார்கள், சிறுநீர் பார்ப்பார்கள், துடிப்புக் கேட்பார்கள், படுக்க வைத்து மருந்து கொடுப்பார்கள். கை வைக்க வேண்டிய காரணம் வந்தால் அந்தக் காரணத்தைத் தமிழில் உன்னிடம் சொல்வார்கள். உன்னைக் கேட்பார்கள். நீ வேண்டாம் என்றால் செலின் கையை எடுத்துக்கொள்வாள். கற்றுக்கொள்ள வந்த பெண்கள் அறைக்குள் வரமாட்டார்கள்.

இதைச் சொன்னபோது, "நோயாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டா நான் வைத்தியம் பார்ப்பேன்?" என்று செலினுக்கு முகம் சிவந்தது. ஆமாம் என்றேன். உன்னால் முடியாது என்றால் சொல், என் மருமகளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் அங்கேயும் இதையே கேட்கிறேன் என்றேன். எங்களுக்குள் இத்தனை வருஷ சிநேகிதத்தில் இப்படி ஒரு பேச்சு நடந்ததில்லை. இனி அவள் என்னைப் பார்க்க வருவாளா என்று தெரியவில்லை. வயதான பிறகு சிநேகிதிகளைத் தேடிப் பிடிக்க முடியாது. அது என் கவலை.

கடைசியில், சரி என்றாள். அவள் சொன்ன சொல் தவறி நான் பார்த்ததில்லை.

வண்டியில் மெதுவாக வரச்சொல்லியிருக்கிறேன். நான் விடுதி வாசலில் நிற்கிறேன்.

செல்வாம்பாள்

*

விடுதி, உள் அறை
21-6-78, காலையில

அத்தைக்கு,

ஜன்னலெல்லாம் மூடி இருட்டாக்கி வச்சிருக்காங்க. யாரும் உள்ள வந்து பேசக்கூடாதாம், சத்தம் ஆகாதாம். நீங்களும் அம்மாவும் வெளிய பெஞ்சிலதான் உக்காந்திருக்கீங்கன்னு ஆயா சொன்னாங்க. அவங்களைத்தான் கெஞ்சி காகிதம் பென்சில் வாங்கினேன். இந்த வெளிச்சத்துல எழுத்து எப்படி வருதுன்னு தெரியல. ஊசி போட்டதுல கண்ணு சொக்குது. மினுக்கம் குறைஞ்சிருக்கு. பிள்ளை துடிப்பு நல்லா இருக்காம். அம்மாவுக்குச் சொல்லிடுங்க, என்னைத் தோளைப் பிடிச்சதுக்கு நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன், ஆனா கூழ் நல்லா இருந்துச்சுன்னு.

நேத்து நீங்க எழுதின மாதிரியேதான் செஞ்சாங்க. அழுத்தம் ரொம்ப ஏறியிருக்குன்னாங்க. சாயந்திரம் மதாம் வந்து, இப்பவே ஒரு தடவை பாத்து வச்சுக்கட்டுமான்னு கேட்டாங்க. எனக்கு நிசமா கேக்குறாங்களான்னு பாக்கணும்போல இருந்துச்சு. வேணாம்னேன். போர்வையை இழுத்து மூடிவிட்டுட்டுப் போயிட்டாங்க. நான் தூங்கினேன் அத்தை. எத்தனையோ நாளைக்கு அப்புறம் தூங்கினேன்.

இன்னிக்குக் காலையில திரும்ப வந்தாங்க. கூட யாரும் இல்ல. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் தலைமாட்டுல உக்காந்தாங்க. அழுத்தம் வேண்டிய அளவு இறங்கல, பிள்ளை வளந்துடுச்சு, இனிமே உள்ள இருக்கிறதைவிட வெளிய வர்றது நல்லதுன்னு சொன்னாங்க. சொட்டுச் சொட்டா மருந்து ஏத்தி வலியை வரவழைக்கணுமாம். அதுக்கு முன்னாடி வாய் இளகியிருக்கான்னு தெரியணுமாம், இளகலன்னா வேற வழி யோசிக்கணுமாம். நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாங்க. எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டேன், அதுக்கும் சொன்னாங்க. அப்புறம் பாக்கட்டுமான்னு கேட்டாங்க.

சரின்னேன். பாத்தாங்க. வலிச்சுது, ஆனா நான் கட்டிலைப் பிடிச்சுக்கல, மேல பாத்துக்கிட்டுக் கிடக்கல, அவங்க முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். நல்லா இளகியிருக்கு, மருந்து ஏத்தலாம்னு சொன்னாங்க. இப்ப ஏறிக்கிட்டு இருக்கு. இடுப்புல வலி லேசா ஆரம்பிச்சிருக்கு, அதனால சுருக்கமா முடிக்கிறேன்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னுதான் இதை எழுதினேன். பாக்கட்டுமான்னு கேட்டாங்களே, அப்ப மதாம் குரல் நடுங்குச்சு அத்தை. நான் வேணாம்னு சொல்லிடுவேனோன்னு அவங்களுக்குப் பயம். இவ்வளவு வயசுக்கு, இத்தனை பேருக்குப் பாத்தவங்க, இதுவரைக்கும் யாரையும் கேட்டதே இல்ல போலிருக்கு.

சொர்ணம்